காண்பதற்கும் எல்லை உண்டோ?

பிற நாடு காணப் புறப்படுவோன் பொருள் செலவிடுகின்றான், வழித்துன்பம் பொறுக்கின்றான். ஆதலால், சென்றவிடத்து யாவற்றையும் கண்டும் தொட்டும் மிதித்தும் மீளத் தனக்கு உரிமையுண்டென்று எண்ணிவிடுகின்றான். இவ்வெண்ணம் அறத்தொடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஆஸ்திரேலியாவின் நடுவே, செம்மண் வெளியில், 348 மீட்டர் உயர்ந்து நிற்பது உலுரு என்னும் பாறை. அதன் பிளவுகளும் சுனைகளும் அந்நிலத்துக்குரிய அனங்கு மக்களுக்கு முன்னோர் வரலாறும் வாழ்க்கைச் சட்டமும் உரைப்பன. 1873இல் அங்கு வந்த வில்லியம் காஸ் என்பார், அதிகாரி ஒருவரின் பெயரால் அதனை 'ஏயர்ஸ் பாறை' என்றழைத்தார். பின்னாளில் உல்லாசப் பிரயாணிகள் பெருகினர். 1960களில் அவர்கள் பற்றி ஏறச் சங்கிலியும் நாட்டப்பட்டது. அவ்வழியோ அனங்கு மக்களுக்குப் புனிதமானது.

1985 அக்டோபர் 26ஆம் நாள் நிலவுரிமை சட்டப்படி அம்மக்களிடம் மீண்டது. பின்னர், ஏறாதிருக்குமாறு பலகை எழுதி வேண்டினர். அதைப் படித்த பின்னும் ஏறினோர் எண்ணற்றோர். காலப்போக்கில் 30க்கு மேற்பட்டோர் அவ்வேற்றத்தில் உயிரிழந்தனர். வந்த விருந்தினர் தம் மண்ணில் மாண்டதை எண்ணி அனங்கு மக்கள் துயருற்றனர். முடிவில், 2019 அக்டோபர் 26இல் ஏறுதல் அறவே நிறுத்தப்பட்டது.

இங்கே சீர்திருத்தம் விழையும் அன்பர் ஒருவர் தடை எழுப்பக்கூடும்: "1924இல் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்குப் போராடியோரைப் போற்றும் நாம், ஒரு பாறையைப் புனிதமென்று கூறி அடைப்பதை எவ்வாறு ஏற்பது?" வினா நேர்மையானதே. ஆயின், வைக்கத்தில் தடுக்கப்பட்டோர் அம்மண்ணின் மக்கள். வலியோர் அவர்களைப் பிறப்பின் பெயரால் இழிவுபடுத்தித் தடுத்தனர். உலுருவிலோ, நிலமிழந்து நெடுங்காலம் நலிந்தவர், வலிமையுடைய விருந்தினரைப் பணிந்து வேண்டினர். வெள்ளையர், கறுப்பர், செல்வர், வறியர் என்ற வேற்றுமையின்றி வருவோர் அனைவர்க்கும் அவ்வேண்டுகோள் ஒன்றே. அது எவரையும் தாழ்த்தவில்லை. ஒரு சமூகத்தின் நம்பிக்கையை ஆராய்ந்து கொள்வனவும் தள்ளுவனவும் தெரிவது அச்சமூகத்தின் உரிமை. பிறர் காலணியோடு மிதித்தேறுவது பகுத்தறிவாகாது.

ஏறாதவன் இழந்தது யாது? பாறையைச் சுற்றி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடக்கலாம். அனங்கு மக்கள் சொல்ல விரும்புவதைக் கேட்கலாம். படம் பிடிக்கலாகாது என்று குறித்த இடங்களில் கருவியைத் தாழ்த்திக் கடக்கலாம். அவர்கள் சொல்லாது வைத்தது அவர்களுடையது என்று உணர்வதும் அறிவின் ஒரு பகுதியே. அங்கிருந்து கல்லெடுத்துச் சென்றோருள் சிலர், பிற்காலத்தே மன்னிப்புக் கடிதத்துடன் அதனைத் திருப்பி அனுப்பியதுண்டு. அவர்தம் நெஞ்சே அவர்க்கு நீதிபதியாயிற்று.

இவ்வறம் தொலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் மலேசியாவில் ஒராங் அஸ்லி மக்களின் ஊர்களுக்கு விடுமுறையில் செல்வோர் நம்மிலும் உளர். அவர்தம் வீட்டு வாயிலில் நின்று படம் பிடிக்குமுன் ஒரு சொல் கேட்போமாக. 'வேண்டா' என்று விடை வருமாயின், முகம் வாடாது திரும்புதலே விருந்தினனுக்கு அழகு.