உங்களை ஆர் கலைச்சது?

"உங்களை ஆர் கலைச்சது?" என்று மேல்மாடி அண்ணை கேட்டார்.

நாங்கள் மூவரும் அன்றுதான் முதன்முறையாக 200 கிலோமீற்றர் சைக்கிள் ஓடிவிட்டு, படியேற முடியாமல் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அண்ணை இரவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். டோட்முண்டில் ஒரு இத்தாலியன் றெஸ்ரோறண்டில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கோப்பை கழுவுகிறவர். எங்களுக்கும் குசினி வேலைதான். மூன்று பேருக்கும் மூன்று றெஸ்ரோறண்ட். நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் நிற்கிற கால்களை, கெஞ்சி வாங்கிய ஒரு சனிக்கிழமை லீவில் இப்படிக் கொண்டுபோய்ச் சாகடிப்பதற்கு ஏதாவது காரணம் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் நக்கலாகக் கேட்கவில்லை. இராப்பகலாகச் சைக்கிள் உழக்குகிற மனிதனை ஏதோ ஒன்று பின்னால் கலைத்துக்கொண்டு வரவேண்டும். அவர் அறிந்த உலகம் அப்படிப்பட்டது. நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

இந்த ஓட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். இதற்கு 'பிரவே' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் சான்றிதழ் என்று பொருள். 200, 300, 400, 600 கிலோமீற்றர் என்று தூரம் கூடிக்கொண்டு போகும். 200ஐப் பதின்மூன்றரை மணித்தியாலத்திலும், 300ஐ 20 மணித்தியாலத்திலும், 400ஐ 27இலும், 600ஐ 40இலும் முடிக்கவேண்டும். இது போட்டியல்ல, முதலாமிடம் இரண்டாமிடம் கிடையாது. கையில் ஓர் அட்டை தருவார்கள். வழியில் குறித்த இடங்களில், ஒரு பெற்றோல் நிலையத்திலோ பேக்கரியிலோ, குறித்த நேரத்துக்குள் அதில் சீல் குத்துவிக்கவேண்டும். ரயர் வெடித்தால் நீங்களே ஒட்டவேண்டும். பின்னால் உதவி வாகனம் வராது. ஒரே ஆண்டில் இந்த நான்கு தூரங்களையும் முடித்தவர்கள் பாரிஸிலிருந்து பிறெஸ்ற் துறைமுகம் போய்த் திரும்பும் 1200 கிலோமீற்றர் ஓட்டத்துக்குத் தகுதி பெறுவார்கள். அதற்கு 90 மணித்தியாலம். 1891இல் ஒரு பத்திரிகையின் ஏற்பாட்டில் அது தொடங்கியபோது பந்தயமாக இருந்தது. ஷார்ல் ரெரோன் என்பவர் 71 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஓடி வென்றார். இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை, பந்தயமில்லாமல், ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் ஓடுகிறார்கள். கடைசியாக 2023 ஆகஸ்ட்டில் நடந்தது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும்கூட இன்று பிரவே ஓட்டங்கள் நடக்கின்றன.

அண்ணைக்கு இவற்றை விளங்கப்படுத்தினோம். "காசு தருவினமோ?" என்றார். இல்லை, நாங்கள்தான் கட்டவேண்டும். "பிறகேன்?"

எங்கள் ஊரில் சைக்கிள் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட பின்னர் சைக்கிள்தான் லொறி, சைக்கிள்தான் அம்புலன்ஸ், றேடியோவில் செய்தி கேட்கவும் சைக்கிள் டைனமோவைத்தான் சுற்றினோம். விறகுக் கட்டுக்கடியில் மனிதன் இருக்கிறானா என்று குனிந்து பார்க்கவேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணையும் கிளாலிக் கடலால் சைக்கிளை வள்ளத்தில் ஏற்றி, வன்னிக்குப் போய்ச் சாமான் கட்டியவர். பிறகு 1995 ஒக்டோபர் 30 வந்தது. இராணுவம் முன்னேறிக்கொண்டிருந்தது, வெளியேறும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில், கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. லட்சக்கணக்கான சனம். எங்களில் இருவருக்கு அப்போது ஏழு வயது. தகப்பன்மாரின் சைக்கிள் பாரில் இருந்தோம். சைக்கிள் ஓடவில்லை, ஓட இடமிருக்கவில்லை. தள்ளிக்கொண்டுதான் போனார்கள். சில கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு முழு இரவு பிடித்தது.

அந்த இரவைக் கண்டவர்கள் முன்னால், நாங்கள் இராத்திரி சைக்கிள் ஓடக் காசு கட்டுகிறோம் என்று சொல்வது ஒருவகையில் அவமரியாதைதான். இதை நாங்கள் உணராமலில்லை.

நோகுமென்று தெரிந்துகொண்டே உடலை வருத்துவது எம்மவருக்குப் புதிதல்ல. கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போனால், அனல்மின் நிலையத்துக்கு அருகேயுள்ள அந்தக் கைத்தொழிற் பேட்டையில் முதுகில் செடில் குத்திக் காவடி ஆடுகிறார்கள். தார் றோட்டில் உருண்டு பிரதட்டை செய்கிறார்கள். அது நேர்த்தி, கொடுத்த வாக்கு. ஜெனீவாவுக்கு நீதி கேட்டு ஈருருளிப் பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது கோரிக்கை, கேட்பதற்கு ஒருவர் வேண்டும். எங்களுடையது இரண்டுமில்லை. கடவுளிடமும் ஐக்கிய நாடுகள் சபையிடமும் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியானால் எந்தப் பயனுமில்லாத இந்த வருத்தத்தில் என்ன இருக்கிறது?

முதலில் எங்களுக்குக் கிடைத்த பதில் இது. நாங்கள் 2011 அளவில் இங்கு வந்தபோது எங்களுக்கு ஓர் எல்லை கீறப்பட்டிருந்தது. அகதி விண்ணப்பம் செய்தவர் தன் மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகக்கூடாது என்பது 1982இல் கொண்டுவரப்பட்ட சட்டம். முதல் தடவை பிடிபட்டால் தண்டப்பணம்; திரும்பவும் பிடிபட்டால் சிறைவரை போகலாம். பதினான்கு கிலோமீற்றர் தள்ளியிருந்த சிநேகிதனின் தகப்பன் ஊரில் செத்த செய்தி வந்தபோது, அவனருகில் போயிருக்க அனுமதித் துண்டு கேட்டோம். அது கிடைத்தபோது எட்டுச் செலவும் முடிந்திருந்தது. 2015 ஜனவரியில் அந்தச் சட்டம் பெருமளவு தளர்த்தப்பட்டது. ஆயினும் புதிதாக வந்து முகாமில் இருப்பவர்களுக்கு அது இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

எங்கள் 300 கிலோமீற்றர் பிரவே கேவலாரை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து புறப்பட்டது. ஆமாம், ஆகஸ்ட்டில் சைவம் வேதம் என்று பாராமல் தமிழர்கள் கூடும் அதே கேவலார் மாதாதான். பாதை அங்கிருந்து ஒல்லாந்துக்குள் போகும். எல்லையில் ஒருவருமில்லை. றோட்டில் தார் நிறம் மாறியது, பெயர்ப்பலகையின் எழுத்து மாறியது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் பதினான்கு கிலோமீற்றர் போக முடியாதிருந்த நாங்கள் ஒரு நாட்டைக் கடந்ததை, கடந்து ஒரு கிலோமீற்றரின் பிறகே கவனித்தோம். அட்டையும் சீலும் நேரக் கெடுவும் எங்களுக்குப் பழக்கமானவை. ஆனால் இந்த அட்டையில் சீல் விழாவிட்டால் யாரும் எங்களை நாடு கடத்தப்போவதில்லை. எந்த இடத்திலும் இறங்கி, "போதும்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறலாம்.

இங்கேதான் வித்தியாசம் இருக்கிறது என்று நினைத்தோம். வலி ஒன்றுதான், முழங்காலுக்கு அரசியல் தெரியாது. தானாக ஏற்ற வருத்தத்தையும் சுமத்தப்பட்ட வருத்தத்தையும் பிரிப்பது நிறுத்திக்கொள்ளும் உரிமை. நாவற்குழிப் பாலத்தில் அந்த உரிமை ஒருவருக்கும் இருக்கவில்லை. ஆகவே எங்கள் சனத்தின் தாங்கும் சக்தியைப் புகழ்கிறவர்களைக் கண்டால் எங்களுக்குச் சந்தேகம் வருகிறது. "தமிழர்கள் நல்ல உழைப்பாளிகள், எதையும் தாங்குவார்கள்" என்று முதலாளி சொல்லும்போது, இன்னும் இரண்டு மணித்தியாலம் நிற்கச் சொல்லப்போகிறார் என்று விளங்கிக்கொள்ளவேண்டும். எம்மவர் மேடைகளில் "எத்தனை துன்பத்தையும் தாங்கிய இனம்" என்று முழங்குவதும் அதே வகைதான். வேறு வழியில்லாமல் தாங்கியதைப் பெருமையாக்கிவிட்டால், வழியை அடைத்தவர்களைக் கேட்கவேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது.

அண்ணைக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எண்ணினோம். ஆனால் அந்த 300 கிலோமீற்றர் ஓட்டத்தின் இரவில் நடந்தது வேறு.

214ஆவது கிலோமீற்றர். நேரம் இரவு பத்தரை. ஒரு வயற்பாதையோரம் வெளிச்சம் ஒன்று அசையாமல் நின்றது. எழுபது வயது மதிக்கத்தக்க ஜேர்மன்காரர் ஒருவர். செயின் அறுந்து, கியர் மாற்றும் பகுதியும் வளைந்து சில்லுக்குள் சிக்கியிருந்தது. செயின் பூட்டும் கருவியை அவர் கொண்டுவரவில்லை. குளிரில் கை நடுங்கியது. எங்களிடம் கருவி இருந்தது. அடுத்த சீல் 243ஆவது கிலோமீற்றரில். நடுநிசி கடந்து பன்னிரண்டு நிமிடத்தோடு பூட்டிவிடும். உடனே போனால் மட்டுமட்டாகப் பிடிக்கலாம். "நீங்கள் போங்கள், நேரம் போகிறது" என்று அவரே சொன்னார்.

உண்மையைச் சொல்லவேண்டும். நாங்கள் உடனே இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றோம். எங்களில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மற்ற இருவரும் அவர் பார்த்ததைப் பார்த்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் ஞாயிறு வேலை செய்து வாங்கிய சனிக்கிழமை அது. எங்களைக் கடந்து சில வெளிச்சங்கள், "எல்லாம் சரியா?" என்று கேட்டபடி, பதிலுக்கு நிற்காமல் போயின. பிறகு எப்படியோ இறங்கினோம். வளைந்த பகுதியைக் கழற்றிவிட்டு, செயினைக் கட்டையாக்கி, ஒரே கியரில் ஓடும்படி பூட்டிக் கொடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. 243இல் பெற்றோல் நிலையம் திறந்துதான் இருந்தது, நேரம்தான் முடிந்திருந்தது. அவரோடு மெதுவாகக் கேவலாருக்குத் திரும்பி, முதல் ரயிலில் வீடு வந்தோம்.

அண்ணை அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதில ரெண்டு சீல் குறையுது." நடந்ததைச் சொன்னோம். கூடவே எங்கள் தத்துவத்தையும் சொன்னோம்: எங்களை ஒருவரும் கலைக்கவில்லை, அதனால்தான் நிற்க முடிந்தது என்று. அவர் நெடுநேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு அம்மாவைக் கரியரில வைச்சுத் தள்ளினனான். செம்மணி வளைவுக்குக் கிட்ட, எங்கட ஒழுங்கை ஆச்சி ஒராள் உரப்பையில குந்திக்கொண்டு இருந்தவ. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவ. எனக்குக் கேட்டது. நான் நிக்கேல்லை."

ஆச்சிக்கு என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியாது. ஊரவர்களிடம் விசாரிக்கலாம். முப்பது வருடமாக அவர் விசாரிக்கவில்லை.

நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி ஆற்றப் பார்த்தோம். படிப்பைப் பாதியில் விட்டுவந்தாலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மெய்யியல் வகுப்பில் கேட்டவை சில மனதில் இருக்கின்றன. புயலில் அகப்பட்ட கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிகிற மாலுமியை அரிஸ்ரோட்டில் உதாரணம் காட்டுகிறார். சும்மா இருக்கும்போது ஒருவரும் அப்படி எறியமாட்டார்கள். உயிர் பிழைக்க எறிவதைக் குற்றமென்று சொல்லமுடியாது. அண்ணை, அது உங்கள் தெரிவில்லை, பின்னால் வந்த சனம் உங்களை நிற்க விட்டிருக்காது என்றோம்.

"நிண்டிருந்தா தள்ளியிருப்பினம்தான். அது உண்மை. ஆனா நான் அதுக்காக நிக்காமல் விடேல்லை. அம்மாவை இறக்கோணுமே எண்டு யோசிச்சனான்." பிறகு சொன்னார்: "அப்பிடிச் சொல்லாதையுங்கோ தம்பியவை. அண்டைக்கு நிண்டவையும் இருந்தவை."

எங்கள் தத்துவம் அந்த ஒரு வசனத்தோடு முறிந்தது. நிறுத்தும் உரிமை இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை என்று நாங்கள் கணக்குப் போட்டோம். ஆனால் அதே இரவில், அதே நெரிசலில், யாரோ ஒருவர் நின்று இன்னொருவரைத் தூக்கியிருக்கிறார். அரிஸ்ரோட்டிலும் அந்த மாலுமியை முழுதாக விடுவித்துவிடவில்லை. சரக்கைத் தூக்கி எறிந்த கை அவனுடையதுதான் என்கிறார். நாங்கள் வகுப்பில் அந்தப் பாதியை மறந்துவிட்டோம். அண்ணைக்கு நாங்கள் கொடுக்க முயன்ற மன்னிப்பு, அவரை அங்கே ஒரு மனிதனாக இல்லாமல் வெள்ளத்தில் போன மரக்கட்டையாக ஆக்கிவிட்டது. அதைத்தான் அவர் மறுத்தார். தான் செய்தது தவறு என்று சொல்வதற்காவது, அன்று அங்கே தான் ஒரு மனிதனாக இருந்ததாக அவர் வைத்துக்கொள்ள விரும்புகிறார்.

அவரைக் குற்றம் சாட்ட எங்களுக்கு வாயில்லை. ஒரு சீலுக்காக ஒற்றைக் காலில் நின்று யோசித்தவர்கள் நாங்கள். எங்களிடம் உயிராபத்தில்லை, தாய் கரியரில் இல்லை, இழப்பதற்கிருந்தது ஓர் அட்டை. அதற்கே அந்த அரை நிமிடம் தேவைப்பட்டது. அதேபோல, அவரை மன்னிக்கவும் எங்களுக்கு வாயில்லை. மன்னிக்கவேண்டியவர் உரப்பையில் இருந்தவர்.

இந்த ஓட்டங்கள் எங்களை மேலான மனிதராக்குகின்றன என்று நாங்கள் சொல்லமாட்டோம். வலியால் மனிதன் திருந்துவான் என்றால் எங்கள் இனம் முழுவதும் ஞானிகளாக இருக்கவேண்டும். நாங்கள் கண்டது சிறிய ஒன்று. ஒருவரும் கலைக்காத றோட்டிலும் நிற்பது கடினம். கலைக்கப்பட்ட றோட்டிலும் சிலர் நின்றிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையில்தான் நாங்கள் எல்லோரும் வாழ்கிறோம், குசினியிலும், அலுவலக வரிசையிலும், ஊருக்குக் காசு அனுப்பும்போதும், புதிதாக வந்த பெடியன் ஒருவன் கதவைத் தட்டும்போதும். "எனக்கு நேரமில்லை, நிலைமை அப்படி" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எங்களை உண்மையில் ஆர் கலைக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். சிலவேளை பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அடுத்த வருடம் 300ஐத் திரும்பவும் ஓட எண்ணியிருக்கிறோம். போன கிழமை அண்ணை படியில் எங்களை மறித்து, ஊரில் ஆச்சியின் மகள் ஒருவர் சாவகச்சேரிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி, ரெலிபோன் நம்பர் எடுக்கலாமோ என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். இதை எழுதும்வரை அவர் இன்னும் கதைக்கவில்லை.