ஊரைவிட்டுப் போவது யார் விருப்பம்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்கள் ஒன்றை நம்பி ஒன்று இருப்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்தால் வரத்துக்கால் வழியே தண்ணீர் இறங்கும். மேலக் கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் கீழக் கண்மாய்க்கு விடிவு. பருவமழை பொய்த்தாலும் வரத்துக்கால் தூர்ந்தாலும் கடைமடை வயல்தான் முதலில் தரிசாகும். அந்த வயல்காரர் ஒரு போகம் கடன் வாங்கிப் பார்ப்பார். அடுத்த போகத்தில் மாட்டை விற்பார். பிறகு குடும்பத்தோடு திருப்பூருக்கு பஸ் ஏறுவார். ஊர் அவரைப் பிழைக்கப் போனவர் என்று சொல்லிவிட்டு மறந்துவிடும்.

அது அவர் விருப்பம்தானே என்று கேட்கலாம். மனிதர் இடம்பெயராத காலம் ஏது? ராஜபாளையமே தெலுங்கு பேசும் ராஜுக்கள் வந்து குடியமர்ந்து வளர்த்த ஊர். மானாவாரி வெள்ளாமையைவிட மாதச் சம்பளம் நிச்சயமானது. போகிறவரைத் தடுப்பதும் அறமாகாது. எல்லாம் சரிதான். ஆனால், ஊரிலேயே இருக்க வழியிருந்தும் ஒருவர் கிளம்பினால்தான் அதை விருப்பம் என்று சொல்ல முடியும்.

இந்த வேறுபாட்டை நம் சட்டம் அறியும். செண்பகத்தோப்பு, அய்யனார்கோவில் பக்கம் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்துவரும் பளியர் பழங்குடியினரின் காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. புலிக்காக அவர்களை இடம் மாற்ற வேண்டுமானால் கிராம சபையின் சம்மதம் கட்டாயம். வன உரிமைச் சட்டமும், 2006-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான் சொல்கின்றன. நடைமுறையில் குறைகள் இருக்கலாம். கேட்க வேண்டும் என்ற நெறியாவது இருக்கிறது. வறட்சியால் கிளம்புகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஏற்கும் காரணங்களிலும் வறட்சி இல்லை.

மழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பார்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது பழி வானத்தின் மேல் போனது. ஆனால், வரத்துக்காலை வளைத்துப் போட்டதும், கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டும்வரை மராமத்தைக் கைவிட்டதும் மனிதர்கள். புவி சூடேறுவதில் கடைமடை விவசாயியின் பங்கு மிகச் சொற்பம். இழப்பில் அவர் பங்கே பெரிது.

ஆகவே, அவருக்கு நாம் தருவது தர்மமல்ல, பட்ட கடன். மழைக்கு முன்பே வரத்துக்காலைத் தூர்வாரி, ஆக்கிரமிப்பை அகற்றி, ஊரிலேயே இருக்க வழிசெய்வது அதில் முதல் தவணை. அதன் பிறகும் போகிறவருக்குப் போன இடத்தில் ரேஷனும், பிள்ளைகளுக்குப் பள்ளியும், நியாயமான கூலியும் கிடைக்கச் செய்வது மீதிக் கடன். இரண்டையும் செய்யாமல், ஊரைவிட்டுப் போவதை அவர் விருப்பம் என்பது அநியாயம்.