யார் செய்த பாவம்?



பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட முதல் கேள்வி, இது யார் செய்த பாவம் என்பதுதான் (யோவான் 9). இவருடையதா, பெற்றோருடையதா? ஆண்டவர் இரண்டையும் மறுக்கிறார். மறுத்ததோடு நிற்கவில்லை, மண்ணைச் சேறாக்கி, அந்த மனிதரின் கண்ணில் பூசுகிறார்.

அதே கேள்வி நம் காலத்திலும் எழுந்தது. கொலம்பியா நாட்டில் மெதெயின் நகரைச் சுற்றிய மலைக் கிராமங்களில் சில குடும்பங்கள் உண்டு. அங்கே நாற்பது வயதைத் தாண்டியதும் பலருக்கு நினைவு தடுமாறும். ஐம்பதை ஒட்டி மறதிநோய் வந்துவிடும். சாபம் என்றார்கள், சூனியம் என்றார்கள். 1980களில் பிரான்சிஸ்கோ லொபேரா என்ற நரம்பியல் மருத்துவர் அந்த வீடுகளைத் தேடிப் போனார். ஆயுதக் குழுக்களும் போதைக் கும்பல்களும் ஆட்டிப்படைத்த காலம் அது. அவரோடு உழைத்தவர் லூசியா மாத்ரிகால் என்ற செவிலியர்.

அவர்களுக்குக் கைகொடுத்தவை எவை தெரியுமா? பங்குக் கோவில்களின் பதிவேடுகள். திருமுழுக்கு, திருமணம், இறப்பு என்று பங்குத்தந்தையர் எழுதிவைத்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கோத்து வம்சாவளி வரைந்தார்கள். அது 18ஆம் நூற்றாண்டு வரை போனது. ஏறக்குறைய 6,000 பேர் ஒரே வம்சத்தவர் எனத் தெரிந்தது. 1995இல் காரணமும் தெரிந்தது: ப்ரீசெனிலின் 1 என்ற மரபணுவில் ஓர் எழுத்துப்பிழை. அவ்வளவுதான். எவருடைய பாவமும் இல்லை.

அந்தக் குடும்பத்தாரும் சும்மா இருக்கவில்லை. உறவினர் இறந்த துயரத்திலும், மூளையை ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். புதிய மருந்தொன்றின் சோதனைக்கு 252 பேர் முன்வந்தார்கள், அந்த மரபணுப் பிழை தங்களிடம் இருக்கிறதா என்று அறியாமலே. 2022இல் முடிவு வந்தது. மருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் 2019இலேயே வேறொரு நம்பிக்கை பிறந்திருந்தது. அதே மரபணுப் பிழையைச் சுமந்தும் எழுபது வயது வரை தெளிவாக இருந்த ஒரு பெண்ணிடம், நோயைத் தள்ளிப்போடும் இன்னொரு மரபணு மாற்றத்தைக் கண்டார்கள். புதிய மருந்துக்கான தேடல் இப்போது அந்த வழியிலும் நடக்கிறது. லொபேரா 2024 செப்டம்பரில் இறந்தார். மருந்தைக் கண்ணால் காணாமலே கடைசிவரை உழைத்தார். விசுவாசம் என்பது இதுதான்.

இறைமக்களே, நம் வீடுகளிலும் தாத்தாவின் மறதியைச் சொல்ல வெட்கப்பட்டு அறைக்குள் பூட்டி வைப்பதுண்டு. கேட்டதையே கேட்கிறார் என்று அதட்டுவதுண்டு. இனி வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் அன்பியத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால், இந்த வாரம் இரண்டு மணி நேரம் அங்கே போய் உட்காருங்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் அந்த மருமகள் சற்றுத் தூங்கட்டும். ஆய்வுக்கூடங்களில் உழைப்போருக்காகக் குடும்பச் செபத்தில் ஒரு மன்றாட்டுச் சேருங்கள். கோவிலுக்கு வர முடியாதவர்களுக்கு நற்கருணை கொண்டுவர நான் இருக்கிறேன்; பங்கு அலுவலகத்தில் பெயரைக் கொடுங்கள். ஆமென்.