அழுக்குப் பசு

ஓட்டையை அடைத்தவர், 'இன்ன இடத்தில் ஓட்டை இருந்தது' என்று ஊரறியச் சொல்லலாமா? திருடன் காதிலும் விழுமே!

லினக்ஸின் கெர்னலில், அதாவது கணினியின் உட்கருவில், அப்படி ஓர் ஓட்டை. 'டர்ட்டி கௌ' என்று பெயர், அழுக்குப் பசு! 2016 அக்டோபரில் அதை அடைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோரு வருஷம் முன்பே தாம் அரைகுறையாக அடைத்துப் பார்த்ததையும் ஒளிக்காமல் எழுதினார். பெரிய மனம்தான்.

ஆண்டிராய்டு போன்களிலும் அதே உட்கரு. டிசம்பரில் கூகிள் திருத்தம் கொடுத்தது. ஆனால் மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் மலிவுப் போன் வாங்கியவருக்கு அதை யார் கொண்டுவந்து சேர்ப்பது? பல கம்பெனிகளுக்கு விற்றதோடு சரி. 2017 செப்டம்பரில், அதே ஓட்டையில் நுழையும் கள்ள நிரலை டிரெண்ட் மைக்ரோ ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தவர்கள்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்கிறீர்களா? நான் ஒப்பமாட்டேன். அடைப்பதற்கு முன்பே திருடன் அதில் நுழைந்துவிட்டான். ஓட்டை அகப்பட்டதே அவன் காலடியை வைத்துத்தான். சொன்னவரை விட்டுவிடுங்கள். காசு வாங்கியவனைக் கேளுங்கள்: எத்தனை வருஷம் அப்டேட் அனுப்புவாய்? அதைப் பெட்டிமேல் அச்சடித்தால் என்ன? பிஸ்கட் பொட்டலத்தில்கூடத் தேதி இருக்கிறது.