திருப்பிச் சொல்ல முடியுமா?

கேட்டவுடன் எரிச்சல் மூட்டும் சொற்கள் எல்லோருக்கும் சில உண்டு. மேடையேறிய ஒருவர் பாதிப் பேச்சில், "உண்மையைச் சொல்லப்போனால்" என்கிறார். அப்படியானால் இதுவரை சொன்னது என்ன என்று கேட்கத் தோன்றுகிறது நமக்கு. "இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன்" என்கிறார் இன்னொருவர். அரைமணி நேரம் ஓடிவிடுகிறது. "நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்ற முன்னுரையோடு வரும் பேச்சு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய பேச்சாகவே இருக்கக் காண்கிறோம். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று நடுங்குவோர் நாடெங்கும் உளர். அந்த நாலு பேர் யார்? அவர்களைக் கண்டவரும் இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டவரும் இல்லை. ஆனாலும் எத்தனை காதல்களை, எத்தனை மறுமணங்களை அந்த நாலு பேர் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்!

எரிச்சலூட்டும் சொற்களைப் பட்டியலிடுவது எளிது. பட்டியலைப் படித்துச் சிரிப்பது அதனினும் எளிது. நாம் கேட்க விரும்புவது வேறு. எரிச்சல் எல்லாம் ஒரே எரிச்சல்தானா? சொல் சுடுகிறது என்றால், யாரைச் சுடுகிறது? எந்த எரிச்சலுக்கு நியாயம் உண்டு, எந்த எரிச்சலுக்கு இல்லை?

சென்னைத் தெருவில் வண்டியிழுப்பவர், "கஸ்மாலம்" என்று கத்தினால், மாடியில் நிற்கும் கனவான் காதைப் பொத்திக்கொள்கிறார். "சேரிப் பேச்சு, செவிக்கு நாராசம்" என்கிறார். ஆனால் அந்தச் சொல் எங்கே பிறந்தது? அது ஒரு வடசொல். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், கலங்கி நிற்கும் அருச்சுனனைக் கண்ணன் கடிந்துகொள்ளும் இடத்திலேயே அது வருகிறது! பூசை அறையில் ஓதினால் புண்ணியம். புழுதித் தெருவில் ஒலித்தால் ஆபாசம். சொல் ஒன்றுதான், மாறியது வாய். ஆகவே கனவானின் காதைச் சுட்டது சொல் அன்று. சொன்னவரின் கந்தல் உடையே. இதுபோன்ற எரிச்சல் மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்வது. அதற்கு ரசனை என்று பெயர் சூட்டுகிறார்கள். நாம் அதனை ஆணவம் என்போம்.

இனி வேறொரு காட்சி. சமத்துவம் பற்றிய கூட்டம் முடிந்து, தோழர்கள் சிலர் தேநீர்க் கடைக்குச் சென்றோம். அன்றைய பேச்சு அருமையான பேச்சு. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதை அணுவணுவாகப் பிளந்து காட்டிய பேச்சு. பேசியவர் பெஞ்சில் அமர்ந்தார். மேசை துடைத்துக்கொண்டிருந்த நரைத்த தலை மனிதரைப் பார்த்து, "ஏய், இங்கே வா! நாலு டீ கொண்டா!" என்றார். பெரியவர், "இதோ வரேங்க" என்று ஓடினார். பேசியவருக்கு வயது முப்பது இருக்கும். ஓடியவருக்கு அறுபதுக்குக் குறையாது. எங்களில் ஒருவருக்கும் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளித்திருக்க வேண்டும் என்பதே வீடு திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. "உண்மையைச் சொல்லப்போனால்" என்ற தொடருக்கு எரிச்சலடைந்த நம் காது, இந்த "ஏய்" கேட்டு ஏன் எரியவில்லை? பழக்கம் காதை மரத்துப்போகச் செய்துவிட்டது என்பதல்லாமல் வேறென்ன விடை?

அங்கேதான் நமக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. அதே கடையில், பக்கத்து மேசையில், கல்லூரி மாணவர் இருவர் ஒருவரையொருவர் "டேய்" என்று அழைத்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். அந்த "டேய்" யாரையும் சுடவில்லை. ஏன்? ஒருவர் எறிந்ததை மற்றவர் அப்படியே திருப்பி எறிந்தார். பந்தாட்டம் போல் போய் வந்தது. ஆனால் மேசை துடைத்த பெரியவர், "ஏய், காசு எடு!" என்று பேச்சாளரைப் பார்த்துச் சொல்லியிருந்தால்? கடை கலகலத்திருக்கும். முதலாளி மன்னிப்புக் கேட்டிருப்பார். பெரியவருக்கு மறுநாள் வேலை இருந்திருக்காது.

ஆக, ஒரு சொல் இழிவானதா என்று அறிய அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. அச்சொல்லைக் கேட்டவர் சொன்னவரிடமே திருப்பிச் சொல்ல முடியுமா என்று பார்த்தால் போதும். முடியுமானால் அது கேலி, உரிமை, நட்பு. அல்லது வெறும் அலுப்பு. முடியாதென்றால், அது சொல் அன்று. ஒருவர் கழுத்தில் மற்றவர் வைத்த கால்.

இந்த அளவுகோலை வரலாறும் மெய்ப்பிக்கிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கீழோரை ஒருமையில் அழைப்பதும் மேலோரைப் பன்மையில் அழைப்பதும் வழக்கம். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைப் பின்பற்றிய குவேக்கர் கூட்டத்தார், எவரையும் ஒருமையிலேயே அழைப்போம் என்று நின்றனர். பிரபுவும் "நீ", நீதிபதியும் "நீ", பண்ணையாளும் "நீ". மேலோர் கொதித்தனர். குவேக்கர்கள் ஏச்சுக்கும் அடிக்கும் ஆளாயினர். ஏன் அவ்வளவு கோபம்? தாம் நாள்தோறும் வேலைக்காரருக்கு வழங்கிய அதே சொல்தானே திரும்பி வந்தது? திரும்பி வந்தபோதுதான் அதன் சூடு அவர்களுக்குத் தெரிந்தது! பின்னர் ஆங்கில மொழி வேறு வழியில் அந்த ஏற்றத்தாழ்வைக் கரைத்தது. ஒருமைச் சொல் பேச்சு வழக்கில் தேய்ந்தது. பன்மைச் சொல்லே அனைவருக்கும் பொதுவாயிற்று. சுவீடன் நாட்டில், 1967ஆம் ஆண்டில், மருத்துவ வாரியத்தின் தலைமைப் பொறுப்பேற்ற புரூர் ரெக்செட் என்பவர், தம் அலுவலகத்தார் அனைவரையும் நட்பு ஒருமையிலேயே அழைக்கப்போவதாக அறிவித்தார். தம்மையும் அவ்வாறே அழைக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார். அந்த நாட்டுப் பேச்சு வழக்கே மாறிய காலத்தின் அடையாளமாக அந்நிகழ்ச்சியைச் சொல்வார்கள்.

"மொழி மரபு அப்படி, நாம் என்ன செய்ய?" என்பார் இங்கே உண்டு. மரபை நம் தொல்காப்பியமே தெளிவாக்கியிருக்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்லுவது வழக்கில் வந்த உயர்வுச் சொல், இலக்கண நெறியில் வந்ததன்று என்கிறது அதன் சொல்லதிகாரம். அதாவது, மரியாதை இலக்கணம் இட்ட கட்டளை அன்று, மக்கள் வழங்கியது. மக்கள் சிலருக்கு வழங்கியதை மக்கள் எல்லோருக்கும் வழங்க முடியாதா?

அளவுகோலை வீட்டுக்குள்ளும் கொண்டு செல்வோம். "உங்கள் மனைவி என்ன செய்கிறார்?" என்று கேட்கிறார் ஒருவர். "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்கிறார் கணவர். சும்மா! 2019ஆம் ஆண்டில் நடுவண் அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைப்பதற்குப் பெயர் சும்மா! இதே சொல்லை, திண்ணையில் நாளிதழோடு சாய்ந்திருக்கும் கணவரைப் பார்த்து, விருந்தினர் முன்னிலையில் மனைவி சொல்லட்டும். வீடு தாங்குமா?

"நீங்கள் எந்த ஆளுங்க?" என்ற கேள்வியும் அப்படித்தான். சிரித்த முகத்தோடு, வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரிடம் மெல்லக் கேட்கப்படும் கேள்வி. இதைத் திருப்பிக் கேட்கலாமே என்பீர்கள். சொல்லளவில் கேட்கலாம். ஆனால் எடை ஒன்றாகுமா? விடை சொல்லுவதால் வீட்டுக்காரர் இழப்பது ஒன்றுமில்லை. வந்தவரோ வீட்டையே இழக்கிறார். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொது இடத்தில் சாதியின் பெயரால் இழிவுபடுத்துவதை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கிறது. ஆனால் இந்தப் புன்னகைக் கேள்வியைப் பிடிக்கச் சட்டத்தின் கைக்கு எட்டாது. அதை எட்டிப் பிடிக்க வேண்டியது நம் நாணம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். "எரிச்சலூட்டும் சொல்லெல்லாம் தவறு என்றால், பகுத்தறிவாளரே, நீர் பேசுவது மட்டும் இனிக்கிறதா? 'ஏன்?' என்று நீர் கேட்கும் ஒரு சொல் எத்தனை பெரியவர்களின் உள்ளத்தை எரிக்கிறது!" நல்ல கேள்வி. எரிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எரிச்சல் ஒன்றே குற்றத்துக்குச் சான்று என்று நாம் சொல்லவில்லையே! "ஏன்?" என்ற சொல்லை எங்களிடமும் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டும் என்றே விழைகிறோம். அது கருத்தைத் தொடும் சொல். கருத்துக்கு மறுப்பு உண்டு; மறுப்புக்கு மறுமொழி உண்டு. பிறப்பையும் உடலையும் உழைப்பையும் குத்தும் சொல்லுக்கு என்ன மறுமொழி? "நொண்டி" என்று அழைக்கப்பட்டவர் எந்த வாதத்தை வைத்து மறுப்பார்?

"சொல்லை மாற்றினால் நிலை மாறுமா?" என்பது அடுத்த கேள்வி. தானாக மாறாது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அரசு வழக்கில் "மாற்றுத்திறனாளி" என்ற சொல் வந்தது, நல்ல சொல். ஆனால் அச்சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு, வாசலில் பத்துப் படிக்கட்டும் சாய்தளமின்றி நின்றால், அது மரியாதை அன்று, மேற்பூச்சு. சொல் செயலுக்கு ஈடாகாது. எனினும் சொல் வீணுமன்று. 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அன்று சிரித்தவர்கள் இருந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பெயரோடு சாதியைச் சேர்த்து எழுதப் பெரும்பாலோர் கூசுகிறார்கள். சாதி ஒழிந்ததா? இல்லை. ஆனால் அது நெஞ்சை நிமிர்த்தி நடந்த இடத்தில் இன்று ஒளிந்து நடக்கிறது. அந்த மாற்றத்தில் சொல்லுக்கும் பங்குண்டு.

ஆகவே இளைஞர்களே, நாம் வேண்டுவது பெரிய தியாகம் அன்று. பிறர் பேச்சில் நமக்கு எரிச்சலூட்டும் சொற்களைத் தேடுவதைச் சற்றே நிறுத்தி, நம் பேச்சில் பிறரைச் சுடும் சொற்களைத் தேடுவோம். நாளைக் காலையில் குப்பை வண்டியோடு வரும் அம்மையார், பேருந்தில் சீட்டுத் தரும் நடத்துநர், பொட்டலம் கொண்டுவரும் இளைஞர், நம் வீட்டு அடுப்படியில் நிற்பவர் ஆகிய இவர்களிடம் நாம் சொல்லும் முதல் சொல் எது என்று கேட்டுப் பார்ப்போம். அச்சொல்லை அவர்கள் நம்மிடம் திருப்பிச் சொன்னால் நம் முகம் சிவக்குமா என்றும் கேட்போம். சிவக்கும் என்றால் அது நம் வாயில் இருக்கத் தகாத சொல்.

அந்தத் தேநீர்க் கடைக்கு மறுவாரமும் சென்றோம். பேச்சாளத் தோழரும் வந்திருந்தார். "ஐயா, நாலு தேநீர் தருகிறீர்களா?" என்றார். பெரியவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார், தம் பின்னால் வேறு யாரேனும் நிற்கிறார்களா என்று! அறுபது வயது மனிதர் "ஐயா" என்ற சொல் தமக்குரியதென நம்ப மறுத்த அந்த ஒரு கணத்துக்கு நாம் அனைவருமே பொறுப்பாளிகள்.