உண்ணாத சோற்றின் கடன்

கொரோனாக் காலத்தில், ஆளில்லாத இருக்கைகளுக்கு நடுவே, 2020 நவம்பர் 20 அன்று கோவாவின் பாம்போலிம் மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் ஏழாவது பருவம் தொடங்கியது. ஒரு பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸ், மறுபக்கம் ஏடிகே மோகன் பகான். முதல் பாதி முடிவதற்குள் மோகன் பகானின் இடப்புற ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். நெடுநாள் அவரால் களத்துக்குத் திரும்ப முடியவில்லை. சூசைராஜ் கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறையில் பிறந்தவர். கேரள எல்லையை ஒட்டிய அதே மாவட்டத்தில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பிளாஸ்டர்ஸுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எதிரணியின் வேகமான ஆள் வெளியேறினால் ரசிகருக்கு உள்ளூர ஓர் ஆறுதல் வருவது இயல்புதான். வெளியேறியவர் பக்கத்துத் துறைப் பையன் என்றால் அந்த ஆறுதலை என்ன செய்வது? ரசிகர் தன் பற்றை யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்? சட்டைக்கா, ஊருக்கா, ஆட்டக்காரருக்கா, அணியை விலைக்கு வாங்கிய முதலாளிக்கா? தோற்றாலும் அணியோடு நிற்பது அறமா அல்லது வெறும் பழக்கமா என்று கேட்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது இந்தக் கேள்விதான்.

கொல்கத்தாவில் இந்தக் கேள்வி இவ்வளவு சிக்கலாக எழாது. 1889இல் தொடங்கிய மோகன் பகானையோ 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்காலையோ அங்கே ஒருவர் தேர்ந்தெடுப்பது குறைவு. குடும்பத்தோடு சேர்ந்தே அது வந்துவிடுகிறது. குமரி மாவட்டத்து ரசிகருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. 1956 நவம்பர் 1 வரை, முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்துவிட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்த மண் இது. நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கொச்சி அதில் பாதிகூட இல்லை. மொழியைப் பார்த்தால் சென்னையின் எஃப்சி, தூரத்தைப் பார்த்தால் பிளாஸ்டர்ஸ், ரத்த உறவைப் பார்த்தால் சூசைராஜ் எங்கே ஆடுகிறாரோ அந்த அணி, தொலைக்காட்சியைப் பார்த்தால் பார்சிலோனா. தூத்தூரிலிருந்து நீரோடி வரையிலான கடற்கரை ஊர்களில் கால்பந்து ஊறிப்போன விளையாட்டு. எல்லைக்கு அப்பால் பொழியூரிலும் அப்படித்தான். ஆனாலும் நாட்டின் மேல்தட்டு லீகில் ஆட மாவட்டத்துக்கென்று ஓர் அணி கிடையாது. ஆகவே இங்கே எந்த அணியின் ரசிகரும் தானே தேர்ந்துகொண்ட ரசிகர். தேர்ந்துகொண்டதை மாற்றிக்கொள்ளலாம்தானே என்ற வாதம் இங்கே மற்ற இடங்களைவிடக் கூர்மையாக வந்து நிற்கிறது.

நன்றி, விசுவாசம் என்றதும் தமிழர் மனத்தில் முதலில் வந்து நிற்பது செஞ்சோற்றுக் கடன். கம்பன் காட்டும் கும்பகர்ணன் அண்ணன் செய்தது பிழை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதே அண்ணனுக்காகப் போருக்குப் போய்ச் செத்தவன். பிழையோடு நிற்க முடியாது என்று வெளியேறியவன் வீடணன். இருவரில் யார் பெரியவர் என்று எத்தனையோ பட்டிமண்டபங்களில் பேசித் தீர்த்தும் தீராமல் இருக்கிறது. (நடுவர் கடைசியில் கும்பகர்ணன் பக்கம் சாய்ந்தால் கைதட்டல் அதிகம் விழும் என்பது வேறு விஷயம்.) ஆனால் இரு கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: சோறு உண்ணப்பட்டது. ராவணன் போட்டான், தம்பிகள் உண்டார்கள். கால்பந்து ரசிகரின் கதையில் சோறு எதிர்த்திசையில் போகிறது. சீட்டு வாங்குவது ரசிகர். சட்டை வாங்குவது ரசிகர். ஒளிபரப்புக்குச் சந்தா கட்டுவதும், விளம்பரதாரருக்கு விற்கப்படும் கண்களைக் கொடுப்பதும் அவரே. 2014இல் பிளாஸ்டர்ஸ் தொடங்கியபோது அதன் முகமாக இருந்த பங்குதாரர் சச்சின் டெண்டுல்கர், 2018இல் தன் பங்கை விற்றுவிட்டு விலகினார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதலீடு என்றால் ஒருநாள் வெளியே வருவதும்தான். ஆனால் முதலாளி போகலாம், ரசிகர் போகக்கூடாது என்று ஒரு விதி இருக்குமானால் அந்த விதியை யார் எழுதினார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். அணியின் உரிமையாளருக்கு ரசிகர் எந்தக் கடனும் படவில்லை. கடன் இருந்தால் அது மறுபக்கம்தான்.

அப்படியானால் தோல்வியில் விட்டுப்போவதில் தவறே இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்தத் தவறு முதலாளிக்கு எதிரானது அல்ல. 2018 மார்ச்சில் பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் சொந்த மைதானத்தில் ஆடிய அணியை 3-2 என்று வென்று சென்னையின் எஃப்சி இரண்டாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த பருவத்தில் அதே அணி பத்து அணிகளில் பத்தாவது இடத்தில் முடித்தது. அதற்கடுத்த பருவத்தில் மீண்டும் இறுதிப்போட்டிக்கு வந்து, ஆளில்லா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது. இந்த மூன்று ஆண்டுகளில் நடு ஆண்டில் மட்டும் காணாமல்போன ரசிகரை எடுத்துக்கொள்வோம். அவர் யாரிடம் தவறு செய்தார்? முந்தைய ஆண்டு அவர் பெயர் சொல்லிக் கூவிய ஆட்டக்காரர்களிடம். கால்பந்து ஆட்டக்காரரின் தொழில்வாழ்வு குறுகியது. பதினைந்து ஆண்டு ஆடினால் பெரிது. ஒரு முழங்கால் தசைநார் அறுந்தால் அதிலும் ஒன்றிரண்டு ஆண்டுகள் போய்விடும். ஏறுமுகத்தில் அவரோடு நின்று, இறங்குமுகத்தில் முகம் திருப்பிக்கொள்கிறவர், தான் நேசித்தது மனிதரை அல்ல, வெற்றியின் ருசியை மட்டும்தான் என்று ஒப்புக்கொள்கிறார். பக்கத்து இருக்கைக்காரரிடமும் அவர் தவறு செய்கிறார். ரசிகர் கூட்டம் ஒருவரை ஒருவர் நம்பி நிற்கும் ஏற்பாடு. பாதிப் பேர் ஜெயிக்கும்போது மட்டும் வருவார்கள் என்றால் மீதிப் பேர் வெறும் இருக்கைகளுக்கு நடுவே கத்த வேண்டியிருக்கும். தேர்ந்துகொண்ட பற்று இங்கே பிறப்பால் வந்த பற்றைவிடக் கூடுதலாகவே கட்டுகிறது. கேட்காமல் கிடைத்ததை உதறுகிறவருக்கு ஒரு சாக்கு உண்டு. தானாகக் கொடுத்த வாக்கை உதறுகிறவருக்கு அதுவும் கிடையாது.

ஆட்டக்காரர் மட்டும் நிற்கிறாரா என்று உடனே எதிர்க்கேள்வி வரும். சூசைராஜே சென்னை சிட்டி எஃப்சியில் ஆடி, ஜாம்ஷெட்பூருக்குப் போய், அங்கிருந்து ஏடிகேக்குப் போய், பிறகு ஒடிசாவுக்கும் போனார். அவர் சென்னை சிட்டியிலிருந்து கிளம்பிப்போன அடுத்த பருவத்தில், 2019 மார்ச்சில், கோயம்புத்தூரில் அந்த அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. இரண்டாம் இடம் வந்த ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். ஆளைப் பின்பற்றிப்போன ரசிகர் அந்தக் கொண்டாட்டத்தைத் தவறவிட்டிருப்பார், அணியோடு தங்கியவர் அனுபவித்திருப்பார். இதை வைத்து ஆட்டக்காரர் மாறலாம், ரசிகர் மாறக்கூடாதா என்று கேட்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆட்டக்காரருக்கு அணி என்பது பிழைப்பு. கடற்கரைக் குடும்பம் ஒன்றிலிருந்து புறப்பட்டவர் கூடுதல் சம்பளம் தரும் இடத்துக்குப் போவதில் துரோகம் எதுவும் இல்லை. போகாமல் இருந்தால்தான் வீட்டில் கேள்வி வரும். ரசிகர் இதில் காசு பார்ப்பதில்லை. அவர் தருவது முழுக்க முழுக்க மனம்தான். அதனால்தான் அதை அவர் எப்படித் தருகிறார் என்பதற்கு அற எடை வருகிறது.

தோல்வி ஒரு சோதனை என்றால் அதைவிடக் கடினமான சோதனை அணியே தவறு செய்யும்போது வருகிறது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் வெளியேற்றுச் சுற்று ஆட்டம். கூடுதல் நேரத்தில், 96ஆவது நிமிடத்தில், பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைத்து முடிக்கும் முன்பே பெங்களூர் அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து கோல் போட்டார். நடுவர் அதை ஒப்புக்கொண்டார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தை விட்டு வெளியே அழைத்துக்கொண்டார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது. ரசிகர்கள் பலர் பயிற்சியாளரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவர்கள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு: நடுவரின் முடிவு பற்றி நேர்மையாகவே இரண்டு கருத்து இருக்க முடியும். ஆனால் ஆட்டத்தை முடிக்காமல் வெளியேறுவது நடுவருக்கு மட்டும் எதிரானது அல்ல. அது எதிரணியின் ஆட்டக்காரர்களையும், விளையாட்டை விளையாட்டாக வைத்திருக்கும் உடன்பாட்டையும் தள்ளிவிடுகிறது. தன் அணி செய்தது என்பதற்காகவே அதைச் சரி என்று சொல்லும் ரசிகர் கும்பகர்ணனைவிடவும் கீழே நிற்கிறார். கும்பகர்ணனாவது பிழையைப் பிழை என்று சொல்லிவிட்டுத்தான் வாளை எடுத்தான். நட்பைப் பற்றிப் பேசும் வள்ளுவரும் எல்லை மீறும்போது முன்சென்று இடித்துரைப்பதை நட்பின் வேலையாகவே வைக்கிறார்.

இடித்துரைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொல்கத்தா ஒரு விடை தருகிறது. 2020இல் ஏடிகேயும் மோகன் பகானும் இணைக்கப்பட்டு, நூற்றாண்டு கண்ட பெயருக்கு முன்னால் ஏடிகே என்ற மூன்று எழுத்துகள் ஒட்டவைக்கப்பட்டபோது, அந்த அணியின் ரசிகர்களே அதை நீக்கு என்று தெருவிலும் மைதானத்திலும் முழங்கினார்கள். சிலர் ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். அணி ஜெயித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவர்கள் விடவில்லை. 2023 மார்ச்சில் அணி கோப்பையை வென்ற இரவிலேயே ஏடிகே பெயரிலிருந்து போகும் என்று உரிமையாளர் அறிவித்தார். கேரளத்தில் பிளாஸ்டர்ஸின் ரசிகர் அமைப்பான மஞ்ஞப்படை 2024 இறுதியில் நிர்வாகத்தின் போக்கைக் கண்டித்து வெளிப்படையாக எதிர்ப்பில் இறங்கியது. சொந்த அணியை எதிர்ப்பவர்கள் ரசிகர்களே அல்லர் என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. அந்தப் பேச்சு அணியையும் அதை வாங்கியவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. வாங்கியவருக்கு அதைவிட வசதியான குழப்பம் வேறு கிடையாது.

இவ்வளவு அறம் பேச இது என்ன, வெறும் பந்துதானே என்று ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை வீடுகளிலிருந்து எத்தனை ஆண்களைக் கடலிலேயே நிறுத்திக்கொண்டது என்பதை அறிந்த கரையில், பந்தாட்ட விசுவாசத்தைப் பற்றி நீட்டி முழக்குவது வயிறு நிறைந்தவரின் பேச்சாகத் தோன்றக்கூடும். மறுப்பில் பாதி உண்மை. 2022 உலகக்கோப்பையின்போது கோழிக்கோடு மாவட்டத்துப் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் ஒன்றை ஒன்று மிஞ்ச எழுந்த கட்அவுட்டுகள் வேடிக்கை என்ற அளவில் அழகு. அந்தப் போட்டி வசைக்கும் அடிதடிக்கும் போனால் அழகு போய்விடும். பந்து சிறிய விஷயம் என்பதே ரசிகருக்கு எல்லை போடுகிறது. பெனால்டியைத் தவறவிட்ட இளைஞனின் குடும்பத்தைக் கைப்பேசியில் வசைபாடும் உரிமை எந்தச் சீட்டின் விலையிலும் அடங்கவில்லை. பாம்போலிமில் சூசைராஜ் விழுந்தபோது மஞ்சள் சட்டைக்காரர் முதலில் அவரது முழங்காலை நினைப்பது துரோகமாகாது. பக்கத்துத் துறைப் பையன் என்பதற்காகவும் அல்ல. நீரோடியில் பிறந்தாலும் நைஜீரியாவில் பிறந்தாலும் முழங்கால் முழங்கால்தான். ஆனால் சிறிய விஷயம் என்பதால் அறத்துக்கு அதில் வேலையில்லை என்று ஆகாது. ஆதாயம் இல்லாத இடத்தில் ஒருவர் எப்படி நடக்கிறார் என்பது, ஆதாயம் உள்ள இடத்தில் நடப்பதைவிட அவரைத் தெளிவாகக் காட்டும்.

கடைசியாக, எப்போது போகலாம்? அணி தோற்பது காரணம் ஆகாது. அணி ரசிகரை விட்டுப் போய்விட்டால் அது காரணம். இங்கிலாந்தில் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்மாற்ற 2002இல் அனுமதி கிடைத்ததும், பழைய ரசிகர்கள் அதைத் தொடர்ந்து ஓடாமல் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தங்களுக்கென ஓர் அணியைக் கீழ்மட்ட லீகில் தொடங்கினார்கள். 2011இல் அது தொழில்முறை லீகுக்கு ஏறி வந்தது. இங்கேயும் அப்படி ஓர் இடமாற்றம் நடந்திருக்கிறது, புதிய அணி பிறந்தது மட்டும் நடக்கவில்லை. 2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டாவில் பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வீழ்த்தி ஹைதராபாத் எஃப்சி கோப்பையை வென்றது. பிளாஸ்டர்ஸுக்கு அது மூன்றாவது இறுதிப்போட்டித் தோல்வி. 2025இல் அந்த ஹைதராபாத் அணி, சம்பள பாக்கிகளுக்கும் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் பதிவுத் தடைக்கும் பிறகு, கைமாறி டெல்லிக்குப் போய் வேறு பெயர் பூண்டது. ஹைதராபாத் ரசிகருக்கு இனி அந்த டெல்லி அணியிடம் ஒரு கடனும் கிடையாது. அதே ஆண்டு ஜூலையில் லீகே நிறுத்திவைக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னையின் எஃப்சி தன் இயக்கத்தை நிறுத்தியபோது, ரசிகர் காத்திருந்தது வெற்றிக்காக அல்ல, தோற்பதற்காவது ஓர் ஆட்டம் நடக்குமா என்பதற்காக. அப்போதும் சம்பளம் யாருக்கு நின்றது என்று முதலில் கேட்டவரே, இந்தக் கட்டுரையின் கணக்கில், அந்த அணியின் ரசிகர்.