கதவுக்கு வெளியே ஒரு ஜெபம்

மும்பை மாஹிமிலுள்ள புனித மிக்கேல் தேவாலயத்தில், புதன்தோறும் நடைபெறும் சகாய மாதா நவநாள் 1948-இல் தொடங்கியது. தாராவிக்கு அருகிலுள்ள தேவாலயம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களோடு பிற சமயத்தாரும் அங்கே வழிபடுகின்றனர். கால் நோயுற்றவர் மெழுகுக் காலையும், மூளையில் கட்டியுள்ள குழந்தையின் தாய் மெழுகுத் தலையையும் காணிக்கையாக வைக்கின்றனர். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அத்தாய் அடுத்து எங்கே செல்கிறாள் என்று பார்த்தால் அவ்வாறு சொல்ல மனம் வராது.

அவள் செல்வது, பரேலில் 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்கு. சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டி அறுவை சிகிச்சையோடு தீர்வதில்லை. மூளைக்கும் தண்டுவடத்திற்கும் வாரம் ஐந்து நாட்கள் வீதம் ஏறத்தாழ ஆறு வாரம் கதிர்வீச்சு. பின்னர் பல மாதங்கள் மருந்து. தலை அசையாதிருக்க முகத்தின்மீது வலைமூடி பொருத்தப்படும். கதிர் பாயும் நிமிடங்களில் குழந்தை அறையில் தனியே கிடக்க வேண்டும். பெற்ற தாய்க்கும் உள்ளே இடமில்லை.

உண்மையான சோதனை, குழந்தை சற்றுத் தேறியபின் வருகிறது. "கர்த்தர்தான் சுகம் கொடுத்துவிட்டாரே, இனிக் கரண்டு எதற்கு?" என்பார்கள் உறவினர். விசுவாசத்தின் பெயரால் பேசும் இந்தக் குரல், பல வேளைகளில் களைப்பின் குரலே. இடையில் நிறுத்தினால் கட்டி திரும்பவும் வளரக்கூடும்.

மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவரும் தகப்பன் தன் விசுவாசத்தையும் விசுவாசக் குறைவையும் ஒரே மூச்சில் இயேசுவிடம் ஒப்புக்கொள்கிறான். இயேசு அவனைக் கடிந்து அனுப்பவில்லை; பிள்ளையைக் குணமாக்கினார். மூடிய கதவுக்கு வெளியே ஜெபமாலை உருட்டும் தாயின் நிலையும் அதுவே. கதவு திறக்கிறது, குழந்தையின் கன்னத்தில் வலையின் தடம். மறுநாளும் அவள் அழைத்து வருகிறாள்.